எழுத மறுப்பவருக்குச் சட்டம் எதற்கு?

பேராதனையைச் சுற்றி வாழ்பவர் ஒருவருக்கு வீட்டில் இரண்டு அறைகள் மிஞ்சினால் அவர் வீட்டுச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். ஆகிய மறுநாளே அவருக்கு ஐந்து கேள்விகள் பிறந்துவிடுகின்றன. சென்ற மாதம் கெலிஓயாவில் ஒரு திருமண வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றிவரும் வேளையில் அந்த ஐந்து கேள்விகளும் ஐந்து பேர் வாயிலிருந்து என்னை நோக்கி வந்தன. பத்திரிகைக்காரனுக்குச் சட்டமும் சாத்திரமும் வைத்தியமும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் இன்னும் மாறவில்லை.

முதலாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். “தம்பி, கீழ் வீட்டில இருக்கிறவை எழும்புகினம் இல்லை. எழுப்ப ஒரு வழி சொல்லும்” என்றார். இரண்டாமவர் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்று கேட்டார். மூன்றாமவரின் மகன் கட்டாரில் உழைத்து அனுப்பிய பணத்தில் பிலிமத்தலாவையில் ஒரு சிறு வீடு வாங்கியிருக்கிறார். போகிறவர்களுக்கு முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பது அவர் ஐயம். நான்காமவர் கடை நடத்தும் அம்மையார். வாடகைப் பணத்தை இறைவரிக்காரருக்குக் காட்ட வேண்டுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஐந்தாமவர் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர். மகாகந்தப் பக்கம் சரிவில் நிற்கும் தன் வீட்டின்மேல் இன்னொரு தட்டு எழுப்பினால் எத்தனை அறைகள் தேறும் என்று விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐவருக்கும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: “எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?” ஒருவரிடமும் இல்லை. ஒருவர் சிரித்தார். ஒருவர் வெற்றிலையைத் தேடினார். ஆசிரியர் மட்டும், “எழுதினால் எங்களுக்குத்தானே ஆபத்து” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாகவே இந்தப் பத்தி எழுதப்படுகிறது.

இந்த நாட்டில் சட்டம் எப்போதும் வாடகைக்கு இருப்பவன் பக்கமே என்பது நம் சொந்தக்காரர்களின் நிரந்தரப் புலம்பல். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்று அது பெரும்பாலும் பொய். இன்றைய சொந்தக்காரர் சட்டத்தால் கைவிடப்பட்டவர் என்று சொல்வதற்கில்லை. எழுதாமல், பற்றுச்சீட்டுக் கொடுக்காமல், கணக்குக் காட்டாமல் சட்டத்தின் வாசலைத் தானே அடைத்துவிட்டு, பிறகு அந்த வாசலில் நின்று அழுகிறவர் அவர். அடைத்த வாசலுக்கு உள்ளே அகப்பட்டுக்கொள்வதோ ஊரான் வீட்டுப் பிள்ளை.

பழைய பேய்

அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். இலங்கைப் பல்கலைக்கழகமும் இந்நாட்டின் வாடகைக் கட்டுப்பாடும் ஒரே ஆண்டில், 1942 இல், பிறந்தவை. யுத்தகால வீட்டுத் தட்டுப்பாட்டில் 60 ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் பின் 1948 இல் 29 ஆம் இலக்கச் சட்டம். அதற்கும் பின்னர், இன்றுவரை நம் பெரியவர்கள் பெயர் சொல்லி நடுங்கும் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம். நியம வாடகை, வாடகைச் சபை, எழுப்புவதற்குக் கடும் நிபந்தனைகள் என்று அது குடியிருப்பவரைச் சுற்றி ஒரு வேலி கட்டியது. மறு ஆண்டே, வீடமைப்பு அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பீட்டர் கெனமன் காலத்தில், 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. உச்சவரம்புக்கு மேற்பட்ட வீடுகள் அரசுக்கு உரித்தாயின. வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றை வாங்க வழி பிறந்தது. கொழும்பிலும் கண்டியிலும் வாடகை வருமானத்தில் வாழ்ந்த குடும்பங்கள் அந்த ஆண்டுகளை மறக்கவில்லை. நான் அந்த மனவருத்தத்தைக் கேலி செய்யவில்லை. அதே சட்டங்களால் முதன்முறையாகத் தம் தலைக்கு மேல் ஒரு கூரையைச் சொந்தமாகக் கண்ட குடும்பங்களையும் எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் நண்பர்களே, உங்கள் வீடு எப்போது கட்டப்பட்டது? 1980 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 1980 ஜனவரி 1 ஆம் திகதிக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்பு வளவுகளை 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டது. அத்திகதியில் சொந்தக்காரரே குடியிருந்து, பிற்பாடு வாடகைக்கு விட்ட வீடுகளுக்கும் அந்த விலக்கு உண்டு. இன்று பெனிதெனியவிலும் ஹிந்தகலையிலும் மீவத்துரையிலும் கன்னொறுவையிலும் மாணவருக்கு வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவை நேற்று முளைத்தவை. அவற்றின் சொந்தக்காரர்கள், தம் வீட்டைத் தீண்டாத ஒரு சட்டத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். பேய்க்குப் பயந்தவன் பகலிலும் விளக்கேற்றுவான் என்பார்கள். இவர்கள் பேனையைத் தொடவே பயப்படுகிறார்கள்.

எழுத்தின் விலை

“நாங்கள் எழுதித்தான் இருக்கிறோம்” என்று சிலர் ஓர் அச்சடித்த படிவத்தை நீட்டுவார்கள். கடையில் வாங்கிய தாள். இரண்டு ஆண்டுக் குத்தகை என்று நிரப்பியிருக்கும்; இரண்டு கையொப்பங்கள், இரண்டு சாட்சிகள். பார்க்க அழகாக இருக்கும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இல்லையேல் குத்தகை என்ற வகையில் அதற்கு வலுவில்லை. உங்கள் இரண்டு ஆண்டு, சட்டத்தின் கண்ணில் மாதாந்த வாடகையாகச் சுருங்கிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில், ஏறத்தாழ 185 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விதி இது. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இலட்சக்கணக்கில் பணம் போட்டு வீடு வாங்கி விடுகிறோம்.

“வழக்குப் போட்டால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும்” என்பது அடுத்த வாதம். இது நியாயமான வாதம். வீடு மீட்கும் சாதாரண வழக்குகள் மேன்முறையீடுகளோடு ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நீதிமன்றச் செய்தி சேகரித்த நாட்களில் நானே பார்த்திருக்கிறேன். கக்கத்தில் கோவைக்கட்டோடு வந்த முதியவர் ஒருவர் இறந்து, அவருடைய மகள் அதே கட்டைக் கொண்டுவந்ததையும் கண்டிருக்கிறேன். அந்த நோய்க்கு மருந்தாகத்தான் 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட வளவுகளின் உடைமையை மீளப் பெறுவதற்கான சட்டம். குத்தகை முடிந்த பின்பும் வெளியேறாதவரிடமிருந்து மாவட்ட நீதிமன்றத்தினூடாகச் சுருக்க நடவடிக்கை முறையில் வீட்டை மீட்க அது வழி திறந்தது. சொந்தக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது இதைத்தான். கிடைத்தும்விட்டது.

ஆனால் அந்த மருந்து நொத்தாரிசு முன் முறையாக எழுதிய குத்தகை உள்ளவருக்கே வேலை செய்யும். எழுதாதவர் பழைய நீண்ட வரிசையிலேதான் நிற்க வேண்டும். நொத்தாரிசுக்கும் முத்திரைக்கும் கொடுக்கும் பணத்தை வீண்செலவு என்று மிச்சம் பிடித்த ஆசிரியர் ஐயா, எழும்பாதவர்களோடு இரண்டு ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறார். அவர் இழந்த வாடகையில் எத்தனை உறுதிகள் எழுதியிருக்கலாம்!

இன்னும் ஒரு பயம் உண்டு. எழுதிக் கொடுத்தால் குடியிருப்பவன் பத்து ஆண்டு கழித்து ஆட்சியுரிமை கொண்டாடி வீட்டையே எடுத்துக்கொள்வான் என்பது அது. இது உண்மையைத் தலைகீழாகப் பிடித்த பயம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியுரிமை கோருபவர், பத்து ஆண்டுகள் எவருடைய உரிமையையும் ஏற்காமல், வாடகையோ வாரமோ கொடுக்காமல், உரிமையாளருக்கு எதிராகவே ஆண்டுவந்ததை நிறுவ வேண்டும். வாடகை கொடுக்கிறவர் ஒவ்வொரு மாதமும் உங்கள் உரிமையை ஏற்கிறார். அவர் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு அடிக்கட்டைதான் உங்கள் காணிக்கு நீங்கள் போடும் வேலி. பற்றுச்சீட்டே கொடுக்காதவரிடம், வாடகை வாங்கினார் என்பதற்குத்தான் என்ன சாட்சி இருக்கிறது?

நானும் செய்தேன்

ஊருக்கு உபதேசம் செய்பவன் தன் முதுகையும் காட்ட வேண்டும். 2016 இல் எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியை ஓர் இளம் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கென்று வாய்ப்பேச்சில் கொடுத்தேன். நல்ல மனிதர்கள்தான். அவருக்கு வேலை போனது. ஆறு மாதம் பதினெட்டு மாதமாயிற்று. கடைசி ஐந்து மாதம் வாடகை வரவில்லை. தெரிந்த சட்டத்தரணியிடம் போனேன். அவர் கேட்டதும் நான் கலியாண வீட்டில் கேட்ட அதே கேள்விதான். என்னிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை. வாடகைப் பற்றுச்சீட்டைக்கூட நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கீழ்ப் பகுதிக்குப் போகும் தண்ணீர்க் குழாயை மூடினேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சட்டத்தின் ஆட்சி பற்றித் தலையங்கம் எழுதியவன் செய்த காரியம் அது. இருட்டியபின் அந்த வீட்டுச் சிறுமி ஒரு வாளியோடு படியேறி வந்து, “அங்கிள், எங்கட பைப்பில தண்ணி வரேல்லை, உங்கட வருதோ?” என்று கேட்டாள். என் மனைவி வாளியை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் பேப்பரில எழுதுறது ஆருக்கு?” என்றார். இரவோடிரவாகக் குழாயைத் திறந்துவிட்டேன். நான்கு மாதத் தவணை பேசி, நிலுவையில் பாதியை விட்டுக்கொடுத்து, அவர்கள் போனார்கள். நட்டம் எனக்குத்தான், அதற்கு முழுப் பொறுப்பாளியும் நான்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழாயை மூடுவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், பூட்டை மாற்றுவதும், பெட்டியைத் தெருவில் வைப்பதும் நம்மிடையே வீரச் செயல்களாகப் பேசப்படுகின்றன. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவும் அதைத் தொடர்ந்து வருபவையும் என்ன சொல்கின்றன தெரியுமா? காணி பற்றிய தகராறில் அமைதி குலையும் நிலை வந்து, வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் அவ்விடத்தில் இருத்த நீதிமன்றம் கட்டளையிடலாம். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது அந்தக் கட்டத்தில் கேள்வியே அன்று. வீரம் காட்டிய சொந்தக்காரர், தான் வெளியே போட்ட பெட்டியைத் தானே உள்ளே கொண்டுபோய் வைக்க நேரலாம்.

மூன்று கேள்விகளுக்கு மூன்று பதில்கள்

வாடகையை எவ்வளவு உயர்த்தலாம்? 1972 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே இருக்கும் வீட்டுக்கு அரசு விதித்த உச்சம் எதுவும் இல்லை. ஆனால் குத்தகை எழுதியிருந்தால் அதன் காலம் முடியும்வரை எழுதிய தொகையே தொகை. மாதாந்த வாடகையாயின் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துப் பழைய பேச்சை முடித்துப் புதிய பேச்சைத் தொடங்கலாம். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில், பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை என்று தெரிந்துகொண்டு, மூவாயிரம் கூட்டிக் கேட்பதற்குச் சட்டத்தில் பெயர் இல்லாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? அந்தப் பணம் உங்களுடையதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முற்பணம் என்பது உடைந்த கண்ணாடிக்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் வைத்திருக்கும் அடைமானம். போகிறவரிடம் கழிவுகளை எழுதிக் காட்டி, மீதியைக் கையில் கொடுப்பதுதான் முறை. “சுவரில் ஆணி அடித்தாய்” என்று சொல்லி ஆறு மாத முற்பணத்தை விழுங்குவது களவு. 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, புத்தகங்களையும் உடுப்புகளையும் அறையில் விட்டு ஊர் போன பிள்ளைகளிடம், இல்லாத மாதங்களுக்கும் வாடகை கட்டினால்தான் கதவு திறக்கும் என்றவர்களை எனக்குத் தெரியும். பாதி வாடகையோடு விட்டவர்களும், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிப் பொருட்களைக் கட்டி அனுப்பியவர்களும் இருந்தார்கள். யார் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இறைவரிக்குக் காட்ட வேண்டுமா? காட்ட வேண்டும். ஆனால் காட்டினால் கழுத்து அறுபடும் என்ற பயம் வீண். 2025 ஏப்ரில் முதல் தனிநபர் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வருமான வரி இல்லை. மாதத்துக்குக் கணக்கிட்டால் ஒன்றரை இலட்சம். இது வாடகைக்கு மட்டுமான விலக்கு அன்று, வரிக்குட்படும் மற்ற வருமானங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நான்கு அறைகள், அறைக்கு 12,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 48,000, ஆண்டுக்கு 5 இலட்சத்து 76,000. வேறு பெரிய வருமானம் இல்லாத அம்மையார் எந்த வரியிலிருந்து ஒளிகிறார்? கட்டவே தேவையில்லாத வரிக்குப் பயந்து, தன் வீட்டைக் காக்கும் பற்றுச்சீட்டை எழுதாமல் விடுகிறார். ஒளிப்பதற்கு உண்மையாகவே நிறைய வைத்திருப்பவர்கள் ஐந்தும் ஆறும் வீடு வைத்திருப்பவர்கள். சிறிய சொந்தக்காரர்கள் அவர்களைப் பார்த்து எழுதாப் பழக்கத்தைப் பழகிக்கொண்டார்கள்.

வாடகைக்கு வருபவர் யார்?

இவ்வளவு நேரம் சொந்தக்காரரின் நலனைப் பேசினேன். இனி மறுபக்கம்.

சேர் ஐவர் ஜெனிங்ஸ் கனவு கண்ட பேராதனை, மாணவர் அனைவரும் வளாகத்துக்குள்ளேயே தங்கிக் கற்கும் பல்கலைக்கழகம். 1952 இல் கலைத்துறை கொழும்பிலிருந்து இங்கே பெயர்ந்தபோது அந்தக் கனவுக்கு ஓர் உருவம் இருந்தது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க என்று பெரியவர்களின் பெயர் தாங்கிய மண்டபங்கள் இன்றும் மகாவலிக்கு இருமருங்கிலும் நிற்கின்றன. மாணவர் தொகை பெருகியது. மண்டபங்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. எல்லோருக்கும் எல்லா ஆண்டுகளிலும் விடுதி கிடைப்பதில்லை. எஞ்சியவர்களை உள்வாங்கியது நம் சமையலறைக்குப் பின்னால் இறக்கிய பத்தியும் மாடியில் ஒட்டுப்பலகை அடித்த அறையும்தான். அரசு செய்யவேண்டிய காரியத்தை நாம் செய்கிறோம், அதற்குக் கூலி வாங்குகிறோம், அதில் தவறில்லை. ஆனால் வாங்குவது யாரிடம் என்பதை நினைவில் வைத்திருப்போம். மஹாபொல புலமைப்பரிசில் 2025 இல் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அது கையில் வருமுன்பே அறை வாடகை அதை விழுங்கிவிடுகிறது.

எழுத்தில்லாத இடத்தில் என்னென்ன விதிகள் முளைக்கின்றன என்று பாருங்கள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த ஒரு மாணவியிடம், நம்மவர் ஒருவர், “எந்த ஊர், எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை?” என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “அறை நேற்றே போய்விட்டது” என்றார். அறை போகவில்லை. அதே கிழமை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார். நம் அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள், தத்தம் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் போவதில் இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்கிறது. வாடகை அறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அவர் சட்டத்துக்குத் தப்பியவர். “தமிழருக்கு வீடு தருகிறார்கள் இல்லை” என்று கொழும்பைப் பற்றியும் கண்டியைப் பற்றியும் நாற்பது ஆண்டுகளாக எழுதிவரும் நாம், நம் வாசலில் நடப்பதை என்ன பெயர் சொல்லி அழைக்கப்போகிறோம்?

நோனாவின் கொப்பி

இதை நான் உரத்துக் கேட்பதற்கு ஒரு கடன் காரணம்.

1990களின் தொடக்கத்தில் நான் கலைப்பீட மாணவன். 1983 மே மாதத்தில் இதே வளாகத்தில் தமிழ் மாணவர் தாக்கப்பட்ட கதையைக் கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்த தலைமுறை எங்களுடையது. விடுதி கிடைக்கவில்லை. தமிழ்ப் பெயரைக் கேட்டதும் மூடிய கதவுகள் பல. பெனிதெனியவில் ஒரு சிங்கள விதவை அறை தந்தார். நாங்கள் அவரை நோனா என்றே அழைத்தோம். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து வருவார். திகதி, தொகை, மாதம் எல்லாம் தம் கைப்படச் சிங்களத்தில் எழுதி, ஒப்பமிட்டு, என்னிடம் நீட்டுவார். நான் கீழே தமிழில் ஒப்பமிடுவேன். இருவருக்கும் மற்றவரின் எழுத்து தெரியாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பொலிசில் கொடுக்கவேண்டிய காலம் அது. அதையும் தவறாமல் கொடுத்தார்.

ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கையில் நான்கு தமிழ்ப் பையன்களை வரிசையில் நிறுத்தினார்கள். எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறாய், சாட்சி என்ன என்பதுதான் கேள்வி. நோனா இரவு உடையோடு வெளியே வந்து அந்தக் கொப்பியை அதிகாரியின் முன் விரித்தார். பதினான்கு மாதங்கள், பதினான்கு ஒப்பங்கள். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லாத வீட்டில் இருந்த நண்பனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வர ஏழு வாரமாயிற்று.

அந்தக் கொப்பியைப் பற்றி எந்தச் சட்டப் புத்தகத்திலும் அவர் படித்திருக்கமாட்டார். வாடகை வாங்குகிறவர் எழுத வேண்டும் என்பது அவருக்கு ஓர் ஒழுக்கமாக இருந்தது. அந்த ஒழுக்கத்தில் அவர் வீடும் பத்திரமாக இருந்தது, நானும் பத்திரமாக இருந்தேன். அப்படிப்பட்டவரிடம் தங்கிப் படித்த நான்தான் பிற்பாடு எழுதாமல் வாடகைக்கு விட்டவன் என்பதை நினைக்க இன்றும் வெட்கம்.

இன்னொரு தட்டு

ஐந்தாவது கேள்விக்கு வருவோம். சரிவில் நிற்கும் வீட்டின்மேல் இன்னொரு தட்டு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டங்களில் அதிக உயிர்களை இழந்தது கண்டி. மலைகள் சரிந்து வீடுகளை மூடின. பேராதனையில் மகாவலி கரை புரண்டது. அந்த நாட்களைக் கண்ணால் கண்ட ஊரிலிருந்துகொண்டு, எத்தனை அறை தேறும் என்ற கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்க எப்படி மனம் வருகிறது?

மலைச்சரிவில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடும் உள்ளூராட்சிச் சபையின் அனுமதியும் வேண்டும். இவை அலைச்சல் என்பதை அறிவேன். ஆனால் அந்தத் தாள்கள் இல்லாமல் எழுந்த அறைகளில் படுப்பது உங்கள் பிள்ளை அன்று. மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்த பிள்ளை. மண் தாங்குமா, மழைநீர் எங்கே ஓடும், பின்னால் வெட்டிய மண்சுவருக்கு அணை உண்டா என்று கேட்கும் வயதும் அனுபவமும் அதற்கு இல்லை. கேட்டாலும் உங்களிடம் காட்ட எழுத்தில்லை. முன்னைய நான்கு கேள்விகளிலும் எழுதாததன் விலை பணம். இதில் விலை உயிர்.

செய்யவேண்டியது

செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முழு வீட்டை ஆண்டுக்கணக்கில் கொடுப்பவர் நொத்தாரிசிடம் போய் எழுதட்டும். ஒற்றை அறையை மாதாந்த வாடகைக்கு மாணவருக்குக் கொடுப்பவர் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகமாவது வாங்கட்டும். முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், எதற்காகக் கழிக்கலாம் என்பவற்றைத் தமிழிலோ சிங்களத்திலோ பத்து வரியில் எழுதி இருவரும் ஒப்பமிடட்டும். பிள்ளைகளும் கேட்டு வாங்கப் பழகட்டும். வாடகை கொடுத்துப் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர்களுக்கு யார் கற்பித்தது? பல்கலைக்கழகமும் தன் பங்கிற்கு, வெளியே தங்கும் மாணவருக்கென மும்மொழியிலும் ஒரு மாதிரிப் படிவத்தை அச்சிட்டுக் கொடுக்கலாம். அதற்குப் புதிய சட்டமோ அமைச்சரவை அனுமதியோ தேவையில்லை.

எழுத மாட்டோம் என்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். எழுதாமலே இருங்கள், ஆனால் சட்டம் எங்களைக் கைவிட்டது என்ற புலம்பலை இனியாவது நிறுத்துங்கள்.

திருமண வீட்டிலிருந்து புறப்படும்போது ஆசிரியர் ஐயா வாசல்வரை வந்தார். “தம்பி, இப்ப எழுதினாலும் சரிவருமோ?” என்று கேட்டார். கீழ் வீட்டாரிடம் கட்டின மாதங்களையும் கட்டாத மாதங்களையும் ஒரு கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள், அதன்பின் சட்டத்தரணியிடம் போகலாம் என்றேன். கொப்பி வாங்கினாரா என்று இன்னும் தெரியவில்லை. வாங்கியிருந்தால் நல்லது.